வீட்டை அடமானம் வைத்த கல்லூரி முதல்வர், 151 மாட்டு வண்டிகள்: சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் வந்த கதை

1952ஆம் ஆண்டு மதராஸில் தேசியப் போட்டிகள் நடந்தன. அந்த வருடம் ஜூலையில் பின்லாந்தின் ஹெல்சின்கியில் ஒலிம்பிக். மல்யுத்தத்துக்கு யாரை அனுப்புவது என்ற கணக்கும் மதராஸில்தான் ஓடிக்கொண்டிருந்தது. சதாரா மாவட்டத்திலிருந்து வந்திருந்த, உருவத்தில் சிறிய ஒரு வீரர் அங்கே ஒரே ஒரு புள்ளியில் பின்தங்கினார். ஒலிம்பிக் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

அவருடைய போட்டியாளர் வங்கத்தைச் சேர்ந்த நிரஞ்சன் தாஸ். இதே தாஸை லக்னோவில் ஏற்கெனவே வீழ்த்தியவர் அவர். அதனால் அந்த ஒரு புள்ளியை அவரால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. அதிகாரிகள் வேண்டுமென்றே குறைத்துப் போட்டார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. பொதுவாக இந்த மாதிரி விஷயங்கள் புலம்பலோடு முடிந்துபோகும். இவர் புலம்பவில்லை. பாட்டியாலா மகாராஜா யாதவீந்திர சிங்குக்குக் கடிதம் எழுதினார். மகாராஜா என்பதால் மட்டுமல்ல, இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவராகவும் அப்போது அவர்தான் இருந்தார். சரியான கதவைத்தான் தட்டியிருக்கிறார்.

மகாராஜா இருவருக்கும் மறுபடியும் ஒரு போட்டி வைத்தார். புள்ளி, தீர்ப்பு, அதிகாரி என்று எதற்கும் இடம் கொடுக்காமல் தாஸின் முதுகை நேராகத் தரையில் பதித்துவிட்டார் அந்த வீரர். ஹெல்சின்கி டிக்கெட் உறுதியானது. அதாவது, பட்டியலில் பெயர் உறுதியானது. டிக்கெட்டுக்குப் பணம்? அதுதான் இந்தக் கதையின் பெரிய பகுதி.

அந்த வீரர் கஷாபா தாதாசாகேப் ஜாதவ். சுருக்கமாக கே.டி.ஜாதவ்.

யார் இந்த ஜாதவ்?

மகாராஷ்டிராவில் கராட் ஊருக்குப் பக்கத்தில் உள்ள கோலேஷ்வர் என்ற கிராமத்தில் 1926 ஜனவரி 15ஆம் தேதி பிறந்தவர். ஐந்து மகன்களில் கடைக்குட்டி. அப்பா தாதாசாகேப்பும் மல்யுத்த வீரர்தான். ஐந்து வயதிலேயே மகனை மண்ணில் இறக்கிவிட்டார். கராட்டில் உள்ள திலக் உயர்நிலைப் பள்ளியில் படிப்பு. 1942 வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது ஜாதவுக்கு 16 வயது. தலைமறைவாக இருந்தவர்களுக்கு இடம் கொடுப்பது, கடிதங்களைக் கைமாற்றிக் கொடுப்பது போன்ற வேலைகளைச் செய்திருக்கிறார்.

அந்தப் பக்கத்தில் மல்யுத்தம் என்பது பொழுதுபோக்கு இல்லை. நம்ம ஊரில் மாடுபிடி வீரருக்கு அலங்காநல்லூர், பாலமேடு எப்படியோ, அங்கே மல்யுத்தக்காரருக்குக் கோலாப்பூர் அப்படி. கோலாப்பூரை ஆண்ட சாகு மகாராஜா மல்யுத்தத்துக்கு அள்ளிக் கொடுத்தவர். ஐரோப்பா போனபோது ரோமில் கொலோசியத்தைப் பார்த்துவிட்டு வந்து, அதே யோசனையில் காஸ்பாக் மைதானத்தைக் கட்டியவர். நடுவில் செம்மண் களம், சுற்றிலும் சரிந்து ஏறும் இருக்கைகள். எந்த மூலையில் உட்கார்ந்தாலும் ஆட்டம் மறைக்காது. தெருவுக்குத் தெரு ‘தாலிம்’ என்ற பயிற்சிக்கூடங்கள். அங்கே மண்ணைச் சலித்து, மோர், எண்ணெய், மஞ்சள், எலுமிச்சைச் சாறு கலந்து பக்குவப்படுத்துவார்கள். களத்து மண் புதுசாக விழுந்த மழைக்குப் பிறகு இருப்பதுபோல மெத்தென்று இருக்கும்.

ஜாதவ் படிக்கப் போனது இந்தக் கோலாப்பூரில் உள்ள ராஜாராம் கல்லூரிக்கு. கல்லூரி ஆண்டுப் போட்டியில் மல்யுத்தத்தில் கலந்துகொள்ளக் கேட்டார். ஆளைப் பார்த்த விளையாட்டு ஆசிரியர், இவ்வளவு சின்ன உடம்பை வைத்துக்கொண்டு வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். ஜாதவ் நேராக முதல்வர் கர்டேகரிடம் போய் நின்றார். அவர் அனுமதி கொடுத்தார். களத்தில் இறங்கிய ஜாதவ் தன்னைவிடப் பெரிய ஆட்களை எல்லாம் வரிசையாகச் சாய்த்தார். ‘பாக்கெட் டைனமோ’ என்ற பட்டப்பெயர் பின்னால் வந்தது. கர்டேகர் என்ற பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

பாபுராவ் பலாவ்டே, பேலாபுரி குருஜி ஆகியோரிடம் ஜாதவ் பயிற்சி எடுத்தார். ‘டாக்’ என்று மராத்தியில் சொல்லப்படும் பிடி அவருடைய ஸ்பெஷல். எதிராளியின் தலையைக் கையால் வளைத்துப் பிடித்து, அதே வேகத்தில் தூக்கித் தரையில் போடுவது. உடம்பு பெரிதா சின்னதா என்பது இதில் முக்கியம் இல்லை. நேரம் பார்த்து உள்ளே நுழைவதுதான் முக்கியம்.

மண்ணிலிருந்து மெத்தைக்கு

1948இல் லண்டன் ஒலிம்பிக். பயணச் செலவைக் கோலாப்பூர் மகாராஜா ஏற்றுக்கொண்டார். ஜாதவுக்கு 22 வயது. 52 கிலோ எடைப்பிரிவான ப்ளைவெயிட்டில் ப்ரீஸ்டைல் மல்யுத்தம்.

இங்கே ஒரு விஷயம் புரிய வேண்டும். ப்ரீஸ்டைலில் எதிராளியின் காலைப் பிடிக்கலாம், காலால் தட்டலாம், உடம்பின் எந்தப் பகுதியையும் பயன்படுத்தலாம். கிரேக்க-ரோமன் வகையில் இடுப்புக்குக் கீழே தொடக்கூடாது. அந்த வகையில் நம்ம ஊர் குஸ்தி ப்ரீஸ்டைலுக்குத்தான் சொந்தக்காரன். ஆனால் தரை வேறு. மண்ணில் கால் லேசாகப் புதையும், பிடிமானம் கிடைக்கும், ஆட்டம் மெதுவாக நகரும். மேட் மேல் அப்படி இல்லை. கால் எகிறும், எதிராளி கண்மூடித் திறப்பதற்குள் பக்கவாட்டில் போய்விடுவான். புள்ளி எண்ணும் முறையும் வேறு. மண்ணில் முதுகு பட்டால் ஆட்டம் முடிந்தது, அவ்வளவுதான். மேட்டில் முதுகு படாமலேயே நடுவர்கள் தீர்ப்பில் தோற்கலாம்.

ஜாதவ் லண்டன் போகும்வரை மேட்டில் மல்யுத்தம் செய்து பழகியதே இல்லை. அமெரிக்காவின் முன்னாள் லைட்வெயிட் வீரர் ரீஸ் கார்ட்னர் அவருக்குப் பயிற்சி கொடுத்தார். அந்தக் கொஞ்ச நாள் பயிற்சியை வைத்துக்கொண்டே ஆஸ்திரேலியாவின் பெர்ட் ஹாரிஸை ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் வீழ்த்தினார். அமெரிக்காவின் பில்லி ஜெர்னிகனையும் தோற்கடித்தார். ஈரானின் மன்சூர் ரயீசியிடம் தோல்வி. முடிவில் ஆறாவது இடம்.

முதல்முறை மேட்டில் ஏறி உலகத்தில் ஆறாவது என்பது சாதாரண விஷயம் இல்லை. ஊருக்குத் திரும்பிய ஜாதவ் அடுத்த நான்கு வருடங்கள் உடம்பையும் எடைப்பிரிவையும் ஏற்றிக்கொண்டார். இலக்கு ஹெல்சின்கி, 57 கிலோ பாண்டம்வெயிட்.

இரண்டு முதல்வர்கள்

மதராஸ் புள்ளி விவகாரம் முடிந்து, பாட்டியாலா மகாராஜா வைத்த போட்டியில் ஜெயித்து, பெயர் பட்டியலில் ஏறியாகிவிட்டது. அடுத்து பணம். இன்றைக்கு ஒலிம்பிக்குக்குத் தேர்வாகும் வீரருக்கு விமான டிக்கெட் யார் எடுப்பது என்ற கேள்வியே வராது. 1952இல் அதுதான் முதல் கேள்வி.

பம்பாய் மாநில முதலமைச்சராக அப்போது இருந்தவர் மொரார்ஜி தேசாய், பின்னாளில் பிரதமர் ஆனவர். அவரிடம் 4,000 ரூபாய் உதவி கேட்டதாகவும், போட்டி முடிந்த பிறகு வந்து பார்க்கும்படி பதில் வந்ததாகவும் ஜாதவின் வாழ்க்கையை எழுதியவர்கள் பலரும் பதிவு செய்திருக்கிறார்கள். போட்டிக்குப் போகத்தான் பணம் வேண்டும் என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை போல.

கோலேஷ்வர் கிராமத்தில் வீடு வீடாக வசூல் நடந்தது. அள்ளிக் கொடுக்கும் நிலையில் இருந்த ஊர் இல்லை அது. ஆனாலும் முடிந்ததைக் கொடுத்தார்கள். கோலாப்பூர் மகாராஜா தரப்பில் 3,000 ரூபாய் கிடைத்தது. அதுவும் போதவில்லை.

இந்த இடத்தில்தான் கர்டேகர் திரும்ப வருகிறார். ராஜாராம் கல்லூரி முதல்வர் தன் வீட்டை அடமானம் வைத்து 7,000 ரூபாய் வாங்கித் தன் பழைய மாணவரிடம் கொடுத்தார். 1952இல் 7,000 ரூபாய் என்பது இன்றைய கணக்கில் பல லட்சம். திரும்பி வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. மல்யுத்தத்தில் பரிசுப் பணம் என்று ஒலிம்பிக்கில் எதுவும் கிடையாது. கழுத்து முறிந்து வந்தாலும் கடன் கடன்தான்.

தமிழில் கல்லூரித் தலைவருக்கும் மாநிலத் தலைவருக்கும் நாம் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். ஒரு முதல்வர் பிறகு பார்க்கலாம் என்றார். இன்னொரு முதல்வர் வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார்.

ஹெல்சின்கியில் நடந்தது என்ன?

அன்றைய ஒலிம்பிக் மல்யுத்தத்தில் ஒரு தோல்வியிலேயே வெளியேற்றும் முறை கிடையாது. ‘குறைப்புள்ளி’ முறை இருந்தது. எதிராளியின் தோள்கள் இரண்டையும் தரையில் பதித்து ஜெயித்தால் பூஜ்யம். நடுவர்கள் தீர்ப்பில் ஜெயித்தால் ஒரு குறைப்புள்ளி. தோற்றால் பொதுவாக மூன்று. ஐந்து சேர்ந்துவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அதனால் ஜெயிப்பது மட்டும் போதாது, எப்படி ஜெயிக்கிறோம் என்பதும் கணக்கு. கடைசி வரை தாக்குப்பிடிக்கும் மூன்று பேர் பதக்கத்துக்கு மோதுவார்கள்.

போட்டி நடந்தது மெஸ்ஸுஹல்லி அரங்கில். ஜாதவ் கனடாவின் அட்ரியன் போலிகனை வென்றார். மெக்சிகோவின் லியோனார்டோ பசுர்டோவை வென்றார். ஜெர்மனியின் பெர்டினண்ட் ஷ்மிட்ஸையும் தாண்டினார். கடைசியில் மிஞ்சிய மூன்று பேரில் ஒருவர் கோலேஷ்வர்க்காரர். மற்ற இருவர் ஜப்பானின் ஷோஹாச்சி இஷீ, சோவியத் ஒன்றியத்தின் ரஷீத் மமத்பெயோவ்.

இந்த இரண்டு பேரும் சாதாரண ஆட்கள் இல்லை. போருக்குப் பிறகு 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஜப்பானுக்கு அனுமதியே இல்லை. திரும்பி வந்த ஹெல்சின்கியில் அந்த நாட்டுக்குக் கிடைத்த ஒரே தங்கம் இஷீ வாங்கியதுதான். சோவியத் ஒன்றியத்துக்கோ அதுதான் முதல் ஒலிம்பிக். அஜர்பைஜானைச் சேர்ந்த மமத்பெயோவ் ஒரு பெரிய அரசின் முழு ஏற்பாட்டோடு வந்தவர்.

இஷீயுடன் நடந்த ஆட்டம் 15 நிமிடத்துக்கு நீண்டது. ஜாதவ் தோற்றார், ஆனால் விட்டுக்கொடுத்துத் தோற்கவில்லை. மமத்பெயோவுடன் மோதும்படி அழைக்கப்பட்டபோதுதான் பிரச்சினை. இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்பது விதி. ஜாதவுக்கு அந்த ஓய்வு கிடைக்கவில்லை என்றும், விதியை எடுத்துச் சொல்லி வாதாட மேட் பக்கத்தில் இந்திய அதிகாரி ஒருவர்கூட இல்லை என்றும்தான் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆங்கிலத்தில் நடுவரிடம் சண்டை போடும் ஆள் இல்லை அவர். களைத்த உடம்போடு ஏறினார், தோற்றார்.

அந்த அரை மணி நேரம் கிடைத்திருந்தால் வெள்ளியாவது வந்திருக்குமா? ஊரில் இன்றும் பேசுகிறார்கள். விடை கிடைக்காத பேச்சு. ஆனால் கிராமமும் கல்லூரி முதல்வரும் கடன்பட்டு அனுப்பிய ஒருவருக்காக, அரங்கில் எழுந்து நிற்க ஒரு ஆள்கூட இல்லாமல் போனது சாதாரண அலட்சியம் என்று கடந்துபோக முடியாது.

இஷீக்குத் தங்கம், மமத்பெயோவுக்கு வெள்ளி, ஜாதவுக்கு வெண்கலம். தேதி 1952 ஜூலை 23. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் கொல்கத்தாவில் பிறந்த நார்மன் பிரிட்சார்ட் இரண்டு வெள்ளி வென்றது இந்தியாவின் கணக்கில் இருக்கிறது. ஆனால் அது வெள்ளைக்காரர் ஆட்சிக் காலம். சுதந்திர இந்தியாவுக்குத் தனி ஒரு ஆளாக முதல் ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர் ஜாதவ்தான்.

மறுநாள் ஜூலை 24. ஹாக்கி இறுதிப் போட்டியில் இந்தியா நெதர்லாந்தை 6-1 என்று துவைத்து எடுத்தது. பல்பீர் சிங் மட்டும் ஐந்து கோல். தங்கம் வந்த சந்தோஷத்தில் முந்தின நாள் வெண்கலம் பின்னால் போய்விட்டது. அதில் ஹாக்கிக்காரர்கள் மேல் என்ன தப்பு?

15 நிமிட தூரம், ஏழு மணி நேரம்

நாடு மறந்தாலும் ஊர் மறக்கவில்லை. ஜாதவ் ரயிலில் வந்து கராட் நிலையத்தில் இறங்கினார். வெளியே 151 மாட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. தாரை தப்பட்டை, வெடி, ஊர்வலம். சாதாரணமாக 15 நிமிடத்தில் கடக்கும் தூரத்தைக் கடக்க அன்று ஏழு மணி நேரம் ஆனது. வழியில் நின்ற ஒவ்வொருவரும் அந்தப் பதக்கத்தில் பங்குதாரர். நிஜமாகவே பங்குதாரர், காசு போட்டவர்கள்.

ஊர்வலம் முடிந்ததும் ஜாதவ் செய்த முதல் வேலை கடனை அடைப்பது. காசு கட்டிப் பார்க்கும் மல்யுத்தப் போட்டிகளை ஏற்பாடு செய்தார், அவரே களத்தில் இறங்கினார். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய ஆளைப் பார்க்கக் கூட்டம் வந்தது. சேர்ந்த பணத்தை கர்டேகரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அடமானம் மீண்டது. வீடு முதல்வருக்கே திரும்பியது.

காக்கிச் சட்டைக் காலம்

பதக்கத்துக்கு வேலை உடனே வரவில்லை. மூன்று வருடம் கழித்து 1955இல்தான் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தார். துறைக்குள் நடந்த போட்டிகளில் ஜெயித்தார், மற்ற போலீஸ்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்குக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது முழங்காலில் அடி. மல்யுத்தக்காரருக்கு முழங்கால் போச்சு என்றால் பாதி உடம்பு போன மாதிரி. அத்தோடு சர்வதேச மேட் முடிந்தது. அப்போது அவருக்கு 30 வயது.

27 வருடம் போலீஸ் வேலை. பதவி உயர்வு நத்தை மாதிரி வந்தது. ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்புதான் உதவி கமிஷனர் ஆனார். 1983இல் ஓய்வு பெற்ற பிறகு பென்ஷனுக்காகவும் அலைய வேண்டியிருந்தது. நடுவில் 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஜோதி ஓட்டத்தில் அவரைக் கூப்பிட்டார்கள். உயிரோடு இருக்கும்போது நாடு அவரைக் கூப்பிட்டு மரியாதை செய்த அபூர்வமான தருணம் அது.

1984 ஆகஸ்ட் 14. சுதந்திர தினத்துக்கு முந்தின நாள். கராட் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் ஜாதவ் இறந்தார். வயது 58. குடும்பத்துக்கு அவர் பெரிதாக எதையும் சேர்த்து வைக்கவில்லை.

பிறகு வந்தவை

அவர் காத்திருந்தபோது வராத எல்லாம் அவர் போன பிறகு ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. 1990களில் மகாராஷ்டிர அரசின் சிவ சத்ரபதி விருது. 2000ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது, அதாவது பதக்கம் வாங்கி அரை நூற்றாண்டு ஆகும் நேரத்தில். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிக்காக இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தில் அமைத்த மல்யுத்த அரங்குக்கு அவர் பெயர். 2023 ஜனவரி 15 அன்று அவருடைய 97ஆவது பிறந்தநாளுக்கு கூகுள் டூடுல்.

பத்ம விருது மட்டும் அவர் வாழ்ந்த காலத்தில் வரவே இல்லை. அவருக்குப் பின் ஒலிம்பிக்கில் தனிநபர் பதக்கம் வாங்கிய லியாண்டர் பயஸ், கர்ணம் மல்லேஸ்வரி, சுஷில் குமார் என்று பலரும் பத்ம பட்டியலில் இருக்கிறார்கள். தனக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்க ஜாதவ் இல்லை. அவர் குடும்பம் கேட்டுக்கொண்டே வந்தது.

அந்த வெண்கலம் எவ்வளவு பெரியது என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும். அடுத்த தனிநபர் பதக்கத்துக்கு இந்தியா 1996 அட்லாண்டா வரை காத்திருந்தது. டென்னிஸில் பயஸ் வாங்கிய வெண்கலம். நடுவில் 44 வருடம். மல்யுத்தத்தில் அடுத்த பதக்கம் 2008 பெய்ஜிங்கில் சுஷில் குமார் மூலம் வந்தது. அதற்கு 56 வருடம்.

கோலேஷ்வரில் உள்ள ஜாதவ் வீட்டின் பெயர் ‘ஒலிம்பிக் நிவாஸ்’. அந்த ஊரில் அவர் பெயரில் ஒரு மல்யுத்தப் பயிற்சி மையம் கட்டித் தருவதாக அரசுத் தரப்பில் வாக்குறுதி கொடுத்திருந்தார்கள். வருடங்கள் ஓடின, வேலை நகரவில்லை. 2017 ஜூலையில், அந்த மையத்துக்குப் பணம் திரட்ட ஹெல்சின்கி வெண்கலத்தையே ஏலத்தில் விடப் போவதாக அவர் குடும்பத்தினர் அறிவித்தார்கள். 65 வருடம் முன்பு அந்தப் பதக்கத்துக்காக ஒரு வீடு அடமானத்துக்குப் போனது. இந்தமுறை ஏலத்துக்குப் போக வேண்டிய நிலையில் நின்றது பதக்கம்.